மதுரை வீடு: கொரியன் புல்லை எடுத்துட்டு நம்ம ஊர்ச் செடி வைக்கணும், எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

ஊமச்சிகுளம்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். மதுரைக்கு வடக்க ஊமச்சிகுளம் பக்கம் தனி வீடு. வாசல் கிழக்கு. முன்னால 20-க்கு 30 அடி இடம் (வீட்டு நீளத்துக்கு 30, காம்பவுண்டு வரைக்கும் 20). முழுக்கக் கொரியன் புல்லு, ஓரத்துல ரெண்டு பாட்டில் பாம், நாலு வெட்சி.

தண்ணி போர் மட்டும்தான், டிடிஎஸ் (லிட்டர் தண்ணியில கரைஞ்ச உப்பு, மில்லிகிராம்ல) 1900. கோடையில ரெண்டு மணி நேரம் மோட்டார் ஓடினா காத்து வாங்குது. புல்லுக்குத் தினம் அரை மணி நேரம் அரை இஞ்ச் ஓஸ் பிடிக்கிறோம், அப்பவும் சித்திரையில திட்டுத் திட்டாக் காயுது. மண்ணு, வீடு கட்டும்போது மேல ஒன்றரை அடிக்குக் கிராவல் அடிச்சது, அதுக்குக் கீழ கரிசல். எங்க தோண்டினாலும் கலவைக் கட்டியும் செங்கல் துண்டும் வருது. மொட்டை மாடி 900 சதுர அடி, மழைத்தண்ணி ரெண்டு பைப் வழியா நேரா தெருவுக்கு.

வெட்சி நாலுமே இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்குது. உரம் வச்சும் தேறலை.

கேள்வி மூணு. புல்லை மருந்து அடிக்காம எப்படி எடுக்கிறது? இந்த மண்ணுக்கும் தண்ணிக்கும் எந்தச் செடி தாங்கும்? பங்குனி பொறந்தாச்சு, இப்பவே வாங்கி நட்டுடலாமா?

சுக்கான்கல்:

மூணாவது கேள்விக்கு முதல்ல பதில்: வேண்டாம். பங்குனியில நட்டா நம்ம ஊர்ச் செடியும் சாகும். "நாட்டுச் செடி தண்ணி கேக்காது"ங்கிறது வேர் இறங்கினப்புறம்தான் உண்மை. நடவு புரட்டாசிக் கடைசியில வச்சுக்கோங்க. ஆடிப்பட்டம் விதைக்குச் சரி, ஆனா மதுரைப் பக்கம் ஆடிக் காத்து புதுக் கன்னை ரெண்டே நாள்ல உருவிடும். வருஷ மழை சுமார் 850 மி.மீ., அதுல ஏறக்குறைய பாதி அக்டோபர்லேருந்து டிசம்பருக்குள்ள இறங்குது. அந்த மழைக்கு முன்னாடி கன்னு குழிக்குள்ள இருக்கணும். இப்பலேருந்து அதுவரைக்கும் மண் வேலைக்கும் தண்ணி வழிக்கும் ஏறக்குறைய ஏழு மாசம் கையில இருக்கு. அதுவே சரியா இருக்கும்.

இப்பக் கணக்கு. நம்ம கோடையில புல்தரை ஒரு நாளைக்குச் சுமார் 5 மி.மீ. குடிக்கும். 600 சதுர அடிக்கு அது 280 லிட்டர். உங்க ஓஸ் நிமிஷத்துக்கு 15 லிட்டர் கொட்டுதுன்னு வைங்க (வாளி வச்சு நேரம் பாத்துக்கோங்க), அரை மணிக்கு 450. அதைவிட முக்கியம், 1900 டிடிஎஸ் தண்ணி 450 லிட்டர்னா தினம் 850 கிராம் உப்பை நீங்களே தரையில கொட்டுறீங்க. தண்ணி ஆவியாப் போயிடும், உப்பு போகாது. காயுற திட்டுக்குத் தண்ணி பத்தலைன்னு இன்னும் பிடிப்பீங்க, அது இன்னும் காயும். வேர் பிடிச்ச புதர்ச்செடி 25 இருந்தா அதே இடத்துக்கு வாரத்துக்கே 250 லிட்டர் போதும்.

செடி பேரை யோசிக்கிறதுக்கு முன்னாடி மண்ணுக்கு மூணு சோதனை:

ஒண்ணு, காஞ்ச மண் ஒரு கைப்பிடியில வினிகர் ஊத்துங்க. புஸ்ஸுன்னு நுரைச்சா சுண்ணாம்பு மண்ணு. கலவைக் கட்டி கிடக்கிறதால நிச்சயம் நுரைக்கும்னு நினைக்கிறேன்.

ரெண்டு, ரெண்டடி ஆழத்துக்கு ஒரு குழி, அதாவது கிராவலைத் தாண்டிக் கரிசலைத் தொடணும். தண்ணி நிரப்பி முழுக்க வடிய விடுங்க. மறுபடி நிரப்பி அளங்க. மணிக்கு 1 இஞ்ச் இறங்கினா கவலை இல்ல. அரை இஞ்சுக்குக் கீழன்னா கிராவலும் கரிசலும் சேர்ற இடத்துல தண்ணி கோத்துக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். மேல காஞ்சிருக்கும், கீழ வேர் அழுகும். கட்டட மண்ணுல மரக்கன்னு மூணாம் வருஷம் திடீர்னு சாகுறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

மூணு, ஒத்தக்கடை வேளாண் கல்லூரியிலயோ வேளாண்மைத் துறை ஆய்வகத்துலயோ பிஎச் (புளிப்பு, கார அளவு), இசி (கரைஞ்ச உப்பு அளவு), சோடியம் மூணும் பாக்கச் சொல்லுங்க. ஜிப்சம் போடுங்கன்னு யாராவது சொல்வாங்க. மண்ணுல சோடியம் ஏறி பிஎச் 8.5-ஐத் தாண்டியிருந்தா ஜிப்சம் வேலை செய்யும். வெறும் சுண்ணாம்பு மண்ணுன்னா கால்சியம் ஏற்கனவே கொட்டிக் கிடக்கு, ஜிப்சம் தண்டச் செலவு.

உங்க வெட்சிக்கு வந்திருக்கிறது இரும்புச்சத்துக் குறை. மண்ணுல இரும்பு இல்லாம இல்ல, சுண்ணாம்பு அதைப் பிடிச்சு வச்சுக்குது. அதான் நீங்க வச்ச உரம் எடுபடலை. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம், 1 லிட்டர் மழைத்தண்ணி அல்லது குடிதண்ணியில கரைச்சு சாயங்காலம் இலை நனைய அடிங்க, 10-15 நாள் இடைவெளியில மூணு தடவை. புதுத் துளிர் பச்சையா வரும், பழைய மஞ்சள் இலை அப்படியேதான் உதிரும். டைல்ஸ்ல தெறிச்சா துருக் கறை போகாது, பாத்து அடிங்க. என் கருத்து, அந்த மண்ணுல வெட்சியோட மல்லுக்கட்ட வேண்டாம். ரெண்டை 14 இஞ்ச் தொட்டிக்கு மாத்திக்கோங்க, மிச்சத்தை யாருக்காவது குடுத்துடுங்க. வெட்சியும் நம்ம ஊர்ச் செடிதான், ஆனா மண்ணு அதோடது இல்ல.

புல்லு எடுக்க: கொரியன் புல்லு வேர் பெரும்பாலும் மேல 3 இஞ்சுக்குள்ள இருக்கும். தண்ணி விட்டு மறுநாள் மண்வெட்டியால பாய் மாதிரி சுருட்டி எடுத்துடலாம். எடுத்த பாயைத் தலைகீழாக் குவிச்சு மூடி வச்சா ஆறு மாசத்துல மண்ணாயிடும். அப்புறம் தரையை நல்லா நனைச்சு, 50 மைக்ரான் கண்ணாடி மாதிரி பாலிதீன் ஷீட்டை இழுத்து விரிச்சு, ஓரத்தைச் சுத்தி மண்ணுக்குள்ள புதைச்சு, சித்திரை வெயில்ல 5-6 வாரம் விடுங்க. கறுப்பு ஷீட் வேண்டாம், வெயில் அதோடயே நின்னுடும், மண்ணு அவ்வளவு சூடு ஏறாது. ஒரு ஓட்டை இருந்தாலும் ஆவி வெளிய போயிடும், நாய், பூனை நடக்காம பாத்துக்கோங்க.

இதுல கோரை மட்டும் சாகாது. கோரைக்கிழங்கு ஒரு அடி ஆழத்துலயும் கிடக்கும். ஷீட் எடுத்து முதல் மழை விழுந்ததும் ஊசி மாதிரி எட்டிப் பாக்கும். அப்பவே ஈர மண்ணுல கிழங்கோட பிடுங்கணும். மேல அறுத்தா ஒண்ணு நாலாகும்.

தண்ணி வழி: மாடிப் பைப் ரெண்டையும் தெருவுக்கு விடுறதை நிறுத்துங்க. மழைநீர் சேகரிப்பு 2003-லேருந்து தமிழ்நாட்டுல எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம், அதுக்காகவாச்சும். வீட்டுச் சுவர்லேருந்து 9 அடி, காம்பவுண்டுலேருந்து 3 அடி தள்ளி, 8-க்கு 15 அடியில 6 இஞ்ச் பள்ளமா ஒரு பாத்தி எடுங்க. 60 கன அடி, அதாவது 1700 லிட்டர் பிடிக்கும். உங்க 900 சதுர அடி மாடியில 20 மி.மீ. மழை பெய்ஞ்சா சேதாரம் போக 1400 லிட்டர் வரும், சரியாப் போச்சு. கரிசல் ஈரத்துல வீங்கும், காஞ்சா சுருங்கும், அதனால அஸ்திவாரத்துக்குப் பக்கத்துல பள்ளம் வேண்டவே வேண்டாம். பைப் விழுற வாயில நாலு பெரிய கல்லு போடுங்க, இல்லன்னா மண்ணு அரிச்சுட்டுப் போகும். நிரம்பி வழியுறதுக்கு ஒரு ஓரத்துல 4 இஞ்ச் பைப் வச்சுத் தெரு மட்டத்துக்கு விட்டுடுங்க. தண்ணி ஒரு நாள், மிஞ்சினா ரெண்டு நாள்ல உள்ள போயிடணும். போகலைன்னா பாத்தி நடுவுல ஆகர் (மண் துளைக்கிற கருவி) வச்சு கரிசலைத் தாண்டி ரெண்டு துளை போட்டு ஜல்லி நிரப்பணும்.

பள்ளத்துல எடுத்த மண்ணை வெளிய தள்ளாதீங்க. கட்டி, செங்கல் பொறுக்கிட்டு, மீதியை வடக்கு ஓரம் 6 இஞ்ச் மேடா அடிங்க. ஈரம் நின்னா பிடிக்காத செடிக்கெல்லாம் அந்த மேடுதான் இடம்.

பட்டம்:

சுக்கான்கல் சார் மண்ணைச் சொல்லிட்டார், செடிக்கு வரேன். "எந்தச் செடி" என்பதைவிட "எந்தச் செடி எந்த இடத்தில்" என்று கேளுங்கள். உங்களிடம் இப்போது மேடு, பள்ளம், சமதரை என்று மூன்று இடம் இருக்கிறது.

மேட்டுக்கு ஆவாரை. கிராவல், சுண்ணாம்பு, உப்புத் தண்ணீர் மூன்றையும் தாங்கும், வருடத்தில் பாதி நாள் மஞ்சளாகப் பூத்து நிற்கும். நர்சரியில் கன்று வாங்காதீர்கள். ஆணிவேர்ச் செடி, பாக்கெட்டில் வேர் சுருண்டுவிடும், எடுத்து நட்டால் பாதி தேறாது. காய்ந்த காயை ரோட்டோரத்தில் பறித்து, விதையைக் கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு அப்படியே ஆறவிட்டு ஓர் இரவு ஊறவையுங்கள். காலையில் பருத்திருப்பவை முளைக்கும். பருக்காமல் கல்லாகவே கிடப்பதை உப்புத்தாளில் ஒரு தேய் தேய்த்து மறுபடி ஊறப் போடலாம். அரை இஞ்ச் ஆழத்தில் குழிக்கு மூன்று விதை, 3 அடி இடைவெளி, பிறகு நல்ல ஒன்றை மட்டும் விடுங்கள். உரம் போடவே போடாதீர்கள். தொழுவுரம் தின்ற ஆவாரை ஆளுயரம் போய்ச் சாயும், பூவும் குறையும்.

அதே மேட்டில் விராலி கிடைத்தால் வையுங்கள். மலையடிவாரக் கரடுகளில் தானாக நிற்கும் செடி, வேலியாக வெட்டி நிறுத்த அருமையானது. மஞ்சள் பூ செம்முள்ளி, டிசம்பர் பூ இரண்டும் 2 அடி இடைவெளியில் முன்வரிசைக்கு. செம்முள்ளிக்கு முள் உண்டு, நடைபாதை ஓரம் வேண்டாம்.

பள்ளத்தின் விளிம்புக்கு வெட்டிவேர், 1 அடிக்கு ஒரு தூர். நாள் முழுக்கத் தண்ணீர் நின்றாலும் சரி, நான்கு மாதம் காய்ந்தாலும் சரி, கரையைப் பிடித்துக்கொள்ளும். பள்ளத்தின் நடுவில் நொச்சி இரண்டு. பென்சில் கனமுள்ள முற்றிய குச்சி, முக்கால் அடி நீளம், மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள், ஐப்பசி மழையில் நட்டால் வேர் விடும். ஆடாதோடையும் அப்படியே குச்சிதான். இரண்டையும் ஆடு, மாடு கடிக்காது, கேட் திறந்து கிடக்கும் தெருவில் அது பெரிய லாபம்.

மரம் என்று ஒன்றே ஒன்று வையுங்கள். 20 அடி அகலமே உள்ள இடத்தில் வேம்பும் புங்கையும் வேண்டாம், பத்து வருடத்தில் காம்பவுண்டைத் தள்ளும். பவழமல்லி அல்லது மஞ்சள் மந்தாரை போதும், இரண்டும் 10-12 அடியில் கவாத்துக்கு (கிளை வெட்டி விடுவதற்கு) அடங்கும். பவழமல்லிக்கு ஈரம் நிற்கக் கூடாது, மேட்டில் வையுங்கள். மகிழம் நல்ல மரம்தான், ஆனால் நிழல் தர நீண்ட காலம் பொறுக்க வேண்டும்.

புல்லுக்குப் பதில் தரையை மூடப் பொடுதலை. வாய்க்கால் ஓரம், குளத்தங்கரையில் படர்ந்து கிடக்குமே, அதேதான். கணு ஒவ்வொன்றிலும் வேர் விடும், கால் மிதி தாங்கும், உப்புத் தண்ணீரும் ஓரளவு தாங்கும், அறுக்கவே தேவையில்லை. 9 இஞ்சுக்கு ஒரு தண்டு, 250 சதுர அடிக்கு ஏறக்குறைய 450 தண்டு வேண்டும். மழைக்காலத்தில் நட்டால் மூன்று மாதத்தில் மூடிவிடும். இரண்டு குறை. உச்சிக் கோடையில் வாரம் ஒரு முறையாவது தண்ணீர் காட்டாவிட்டால் பழுப்பாகும் (சாகாது, மழைக்குத் துளிர்க்கும்). பூக்கும் காலத்தில் தேனீ மொய்க்கும், வெறுங்காலோடு குழந்தைகள் ஓடும் இடமென்றால் பூவை மட்டும் மேலாக வெட்டிவிடுங்கள்.

கனகாம்பரம் கேட்பீர்கள் என்று தெரியும். வையுங்கள், ஆனால் வீட்டு நிழல் விழும் இடத்தில் ஐந்தாறு மட்டும், வாரம் இரண்டு முறை தண்ணீரோடு. அதற்கு வேர்முடிச்சு நூற்புழு பெரும் பகை. செடி காரணமில்லாமல் வாடினால் பிடுங்கி வேரைப் பாருங்கள், மணி மணியாகத் தடித்திருந்தால் அந்த இடத்தில் மறுபடி கனகாம்பரம் வைக்கக் கூடாது.

குழி விஷயம். புதருக்கு ஒன்றரை அடிக் குழி போதும். தோண்டிய மண் 3 பங்கு, மக்கிய எரு 1 பங்கு, அவ்வளவுதான். குழி முழுக்க எருவும் தேங்காய் நார்த் தூளும் நிரப்பினால் வேர் அந்தக் குழியை விட்டு வெளியே போகாது, மழையில் அது தொட்டியாக நின்று அழுகும். கன்று ஒன்றரை அடி உயரத்துக்குள் இருப்பதாக வாங்குங்கள். ஐந்தடிக் கன்று பார்க்க ஆசையாக இருக்கும், இரண்டு வருடத்தில் சின்னது அதைத் தாண்டிவிடும். பாக்கெட்டைக் கிழித்ததும் அடியில் சுருண்டிருக்கும் வேரைக் கத்தியால் வெட்டிவிட்டு நடுங்கள்.

கடைசியாக, நர்சரிக்காரர் "நாட்டுச் செடி" என்று தருவதை எல்லாம் நம்பாதீர்கள். தரையை மூட மஞ்சள் கரிசலாங்கண்ணி கேட்டால் வெடிலியாவைத் தருகிறார்கள். இலையைப் பாருங்கள். வெடிலியா இலை அகலமாக, பக்கத்துக்கு ஒரு மடலோடு மூன்று பிளவாக இருக்கும். கரிசலாங்கண்ணி இலை ஒடுங்கி நீண்டிருக்கும், பிளவு கிடையாது. வெடிலியா மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்து ஓடைக்கரைகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் கீரை என்று சமைப்பவர்களும் உண்டு. அதேபோல விஷ்ணுகிராந்தி என்று விற்கும் "ப்ளூ டேஸ்" பிரேசில் செடி. நம்முடையது தரையோடு படியும், பூ மூக்குத்தி அளவுதான். உண்ணிச்செடி, கோனோகார்ப்பஸ் இரண்டும் காசு கொடுத்தாலும் வேண்டாம். கோனோகார்ப்பஸை குஜராத் 2023-லேயே தடை செய்துவிட்டது.

ஊமச்சிகுளம்வாசி:

ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். வினிகர் ஊத்திப் பாத்தேன், சோடா மாதிரி பொங்குது.

இன்னும் ரெண்டு சந்தேகம். மாடித் தொட்டியிலேருந்து நேரா சொட்டுநீர் போடலாமா, தனி மோட்டார் வேணுமா? அப்புறம், புதராப் போனா பாம்பு வரும்னு வீட்டுல பெரியவங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. புல்லு மேல அட்டைப்பெட்டி விரிச்சு மக்க விடலாம்னு ஒரு வீடியோவில சொன்னாங்க, அது ஷீட்டை விடச் சுலபமா?

சொட்டுவால்வு:

மோட்டார் வேண்டாம் சார். ஆனா தொட்டி உயரத்தை அளந்துட்டு வாங்குங்க. 10 அடி உயரத்துக்கு சதுர செ.மீ.க்கு 0.3 கிலோ அழுத்தம்தான் கிடைக்கும். ஒரு மாடி வீட்டுத் தொட்டின்னா 0.35 வச்சுக்கலாம். கடையில "4 லிட்டர் ட்ரிப்பர்"னு தர்றது 1 கிலோ அழுத்தத்துக்கு. உங்களுக்கு மணிக்கு 2.4 லிட்டர் அளவுதான் வரும். அழுத்தம் சமன் பண்ற வகை ட்ரிப்பர் உங்க அழுத்தத்துல ஒழுங்கா வேலை செய்யாது, விலையும் கூட. சாதா ட்ரிப்பர், அதுவும் பிரிச்சுக் கழுவுற மாதிரி வாங்குங்க. உப்புத் தண்ணிக்கு அது முக்கியம்.

25 செடிக்கு ஆளுக்கு ரெண்டு, மொத்தம் 50 ட்ரிப்பர். மணிக்கு 120 லிட்டர், 16 மி.மீ. லேட்டரல் (ட்ரிப்பர் மாட்டுற பைப்) ஒண்ணே தாங்கும். செடிக்கு 10 லிட்டர் போக ரெண்டு மணி நேரம் திறந்து வைக்கணும். தொட்டி அவுட்லெட்ல முக்கால் இஞ்ச் ஸ்கிரீன் ஃபில்டர், 120 மெஷ். லைன் முனையை நிரந்தரமா அடைக்காதீங்க, மடிச்சு '8' வடிவ வளையம் மாட்டி விடுங்க, மாசம் ஒரு தடவை கழட்டி ஒரு நிமிஷம் ஓட விட்டா சேறு வெளிய வந்துடும். ட்ரிப்பர் வாயில வெள்ளையாப் படிஞ்சா, லிட்டருக்கு 30 கிராம் சிட்ரிக் அமிலம் கரைச்சு ராத்திரி ஊறப் போட்டு மறுநாள் மாட்டுங்க.

டைமர் வைக்கணும்னா சாதாரண சோலனாய்டு வால்வு (கரண்டுல திறக்கிற வால்வு) வேண்டாம், அது நல்ல அழுத்தம் இருந்தாத்தான் வேலை செய்யும். பால்வால்வு உள்ள பேட்டரி டைமர் கேளுங்க, அழுத்தமே இல்லன்னாலும் திறக்கும்.

முக்கியமான ஒண்ணு. சொட்டுநீர்ல உப்பு மறையாது, ஈரம் முடியுற விளிம்புல வட்டமா வெள்ளை கட்டும். அதனால ட்ரிப்பரைத் தண்டுல ஒட்டி வைக்காதீங்க. நடும்போது 4 இஞ்ச், ஆறு மாசம் கழிச்சு 1 அடி, அடுத்த வருஷம் ஒன்றரை அடின்னு வெளிய தள்ளிக்கிட்டே போங்க. வேரும் கூடவே போகும். கோடையில லேசா ஒரு தூறல் விழுந்தா உடனே ட்ரிப்பைத் திறந்து விடுங்க. தலைகீழாத் தோணும், ஆனா தூறல் அந்த விளிம்பு உப்பைக் கரைச்சு வேர்ப் பக்கம் தள்ளும், சொட்டுத்தண்ணிதான் அதைத் தடுக்கும். உப்பை அடியோட இறக்குறது ஐப்பசி அடைமழைதான்.

தண்ணி அளவு: நட்ட முதல் ரெண்டு வாரம் மழை இல்லாத நாள்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள் 3 லிட்டர். அடுத்த ரெண்டு மாசம் வாரம் ரெண்டு தடவை 5 லிட்டர். தை முடிஞ்சதும் வாரம் ஒரு தடவை 10 லிட்டர், முதல் கோடை முழுக்க இதேதான், இதுல கை வைக்காதீங்க. ரெண்டாவது கோடையில 15 நாளைக்கு ஒரு தடவை 15-20 லிட்டர். தினம் கொஞ்சம் கொஞ்சமா விட்டா வேர் மேலயே நின்னுடும். ஆர்ஓ கழிவுத் தண்ணியைச் செடிக்கு விடாதீங்க, உங்க 1900 அதுல இன்னும் ஏறியிருக்கும். வாஷிங்மெஷின்ல கடைசி அலசுற தண்ணியை மட்டும் நொச்சிக்கு விடலாம், முதல் தண்ணியில சோப்புச் சோடியம் அதிகம்.

அணில் பைப்பைக் கடிக்கும். லேட்டரலை மூடாக்குக்கு (தரையை மூடப் போடுற இலை தழைக்கு) கீழ ஓட்டுங்க, பக்கத்துல ஒரு சட்டியில தண்ணி வைங்க, பாதிப் பிரச்சனை தீரும்.

நொச்சிவேலி:

அட்டைப்பெட்டி வீடியோ குளிர் நாட்டு ஆளுங்களுக்குச் சரி. மதுரை கிராவல்ல ஈர அட்டையை விரிச்சா கரையான் வந்துரும். வீட்டுச் சுவர் பக்கம், கதவு நிலை பக்கம் வேண்டவே வேண்டாம். அவசியம்னா சுவர்லேருந்து 6 அடி தள்ளி, செல்லோடேப் உரிச்சுட்டு, ஆறு இஞ்ச் ஒண்ணு மேல ஒண்ணு ஏற விரிச்சு நனைக்கலாம். அதுக்கு ஷீட் முறையே மேல்.

மூடாக்குக்கு வேப்பிலை, பூவரச இலை, காஞ்ச தென்னை மட்டையை நறுக்கி 3 இஞ்ச் போடுங்க, தண்டைச் சுத்தி 3 இஞ்ச் வெறுமையா விடுங்க. கடலைத் தோலுக்கு எலி வரும். அழகுக்கு வெள்ளைக் கூழாங்கல் கொட்டுறாங்க, அது ராத்திரி வரைக்கும் சூடு கக்கும், வாசல்ல உக்கார முடியாது.

பாம்பு விஷயத்துல வீட்டுப் பெரியவங்க பயம் நியாயம்தாங்க. ஆனா பாம்பு செடிக்கு வர்றதில்ல. எலிக்கும் தவளைக்கும், பதுங்க இடத்துக்கும் வருது. நீங்க பொறுக்கி எடுக்கிற செங்கல், கலவைக் கட்டியை ஒரு மூலையில குவிச்சு வைக்காதீங்க, செடியை விட அதுதான் ஆபத்து. வீட்டுச் சுவரை ஒட்டி 2 அடி, நடைபாதைக்கு ரெண்டு பக்கமும் 1 அடி பொடுதலை மட்டும் இருக்கட்டும். நொச்சி, ஆடாதோடை எல்லாத்துக்கும் தரையிலேருந்து 1 அடி வரைக்கும் பக்கக் கிளையை எடுத்துடுங்க, குனிஞ்சா அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியணும். கேட்லேருந்து வாசல் வரைக்கும் தாழ்வா ஒரு லைட்டு. சிறியாநங்கை வச்சா பாம்பு வராதுன்னு விப்பாங்க, மூலிகையா வேணா வைங்க, பாம்புக்குக் காவல்னு நம்பி வைக்காதீங்க.

பட்டம் சார் விட்டது ஒண்ணு. வேலிக் கம்பியில பிரண்டை ரெண்டு மூணு கணு ஒடிச்சு நட்டா போதும், தண்ணியே வேணாம், துவையலுக்கும் ஆச்சு. பட்டாம்பூச்சி வேணும்னா பூச்செடி மட்டும் பத்தாது, புழு தின்ன இலை வேணும். கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் ஒரு கூட்டம், எருக்குக்கு ஒரு கூட்டம், ஆவாரைக்கு மஞ்சளும் வெள்ளையுமா ஒரு கூட்டம், கருடக்கொடிக்கு உடம்பு சிவப்பா ரோஜா அழகி வரும். புழு இலையைக் கடிக்குதுன்னு மருந்தைத் தூக்காதீங்க, அது கடிக்கத்தான் வச்சிருக்கோம். எருக்கம்பால் கண்ணுல படக் கூடாது. கருடக்கொடியைக் கஷாயம் கிஷாயம்னு யாரும் குடிக்கக் கூடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். சின்னப் பிள்ளை இருக்கிற வீடுன்னா ரெண்டையும் விட்டுடுங்க.

திருவான்மியூர்மணல்:

இடையில வந்ததுக்கு மன்னிக்கணும். சென்னையில கடற்கரையிலேருந்து அரை கிலோமீட்டர், வெறும் மணல். இதே செடிப் பட்டியல் ஓடுமா?

பட்டம்:

பாதி ஓடும். நொச்சி, பொடுதலை, வெட்டிவேர் அப்படியே. மரத்துக்குப் புன்னை அல்லது பூவரசு, இரண்டும் உப்புக் காற்றுக்கே பிறந்தவை, ஆனால் இடம் வேண்டும். வெயில் விழும் வெறும் மணலுக்கு அடம்பு. உங்களுக்கு வடிகால் பிரச்சனை இல்லை, தண்ணீர் நிற்காததுதான் பிரச்சனை. அதனால் குழியில் எருவை மூன்றில் ஒரு பங்காக ஏற்றுங்கள், தண்ணீரைப் பாதி அளவில் இரண்டு மடங்கு முறை விடுங்கள். பள்ளப் பாத்திக்கு 3 இஞ்ச் ஆழமே போதும்.

ஊமச்சிகுளம்வாசி:

சிறுசா ஒண்ணு கேட்டுக்கிறேன். எல்லாத்தையும் ஒரே வருஷத்துல பண்ணணுமா? கவாத்து எப்ப?

சுக்கான்கல்:

வேண்டாம். பள்ளமும் மேடும் ஷீட் எடுத்ததும் வைகாசிக்குள்ள மொத்தமா முடிச்சுடுங்க, மண் வேலையைப் பாதியில நிறுத்தினா முதல் மழைக்கே எல்லாம் ஓடிடும். நடவை மட்டும் பிரிங்க. இந்தப் புரட்டாசிக்கு மேடும் பள்ளமும், அடுத்த புரட்டாசிக்கு நடைபாதை ஓரமும் கனகாம்பரமும். அதுவரைக்கும் வெறும் தரையில கொள்ளு விதைச்சு விடுங்க, 600 சதுர அடிக்கு அரை கிலோ தாராளம். பூக்கும்போது அறுத்து அங்கயே மூடாக்காப் போட்டுடலாம். பாட்டில் பாமை இப்ப வெட்ட வேண்டாம், கன்னுக்கு முதல் கோடையில அந்தக் கொஞ்ச நிழலும் உதவும்.

கவாத்து: நொச்சி, ஆடாதோடை ரெண்டும் ஆனியில இடுப்பு உயரத்துக்கு, வெட்டினதை அங்கயே மூடாக்குக்கு. பவழமல்லி பூத்து ஓய்ஞ்சப்புறம், தையில. டிசம்பர் பூவும் அப்பவே, தரையிலேருந்து அரை அடி விட்டு. ஆவாரையை முதல் வருஷம் நுனி மட்டும் கிள்ளுங்க, ரெண்டாம் வருஷத்துலேருந்து மாசியில மூணுல ஒரு பங்கு வெட்டலாம். பொங்கலுக்கு முன்னாடி கை வைக்காதீங்க, காப்புக் கட்ட தெருவே உங்க வீட்டுக்குத்தான் வரும். சிறுபூளையை நீங்க நட வேண்டியதில்ல, மழைக்கு அந்தக் கிராவல்ல தானா முளைக்கும், களைன்னு பிடுங்காம ரெண்டு தூரை விட்டு வைங்க.